முதலில் மீட்டர், அடுத்து ஃபோகஸ், கடைசியில் பல்பு: பணிமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

கார் பணிமனை நடத்துகிறவர்களுக்கும், அங்கே மின்வேலை பார்க்கும் மெக்கானிக்குகளுக்கும், வாகனத் தகுதிச் சோதனை செய்யும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஹெட்லைட் பற்றி உங்களிடம் வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டே. "ராத்திரியில் ரோடு தெரியவில்லை" என்பது ஒன்று. "எதிரே வருகிறவர்கள் எல்லாரும் லைட் அடித்துக் காட்டுகிறார்கள்" என்பது மற்றது. முதல் புகாருக்கு அதிக வாட் பல்போ எல்இடி பல்போ போட்டு அனுப்புகிறீர்கள். அப்படிப் போட்டதாலேயே பல கார்களுக்கு இரண்டாவது புகாரும் வந்து சேர்கிறது. வாகன மின்பணியில் இருக்கும் நாங்கள் கேட்டுக்கொள்வது இதுதான்: முதலில் மல்டிமீட்டரை எடுங்கள், அடுத்து ஃபோகஸ் (வெளிச்சம் விழும் உயரமும் திசையும்) பாருங்கள், பல்பைக் கடைசியாக மாற்றுங்கள். எந்தக் காரணத்துக்காக ஹெட்லைட்டில் கை வைத்திருந்தாலும், ஃபோகஸ் பார்க்காமல் சாவியைத் திருப்பித் தராதீர்கள்.

மீட்டரை ஏன் முன்னால் சொல்கிறோம் என்றால், ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட் குறையும் அதே அளவில் குறைவதில்லை. வோல்ட்டின் ஏறக்குறைய 3.4 ஆம் அடுக்குக்கு (பவர்) ஏற்பச் சரிகிறது. பல்பின் ஒளி அளவை 13.2 வோல்ட்டில் வைத்துத்தான் தரவிதிகள் வரையறுக்கின்றன. அந்த அழுத்தத்தில், பிரைட்டுக்கும் (தூர வெளிச்சம்) டிம்முக்கும் (தாழ்ந்த வெளிச்சம்) தனித்தனி இழை உள்ள எச்4 பல்பு பிரைட்டில் 1650 லூமனும் (ஒளி அளவின் அலகு), டிம்மில் 1000 லூமனும் தர வேண்டும். ஒற்றை இழை கொண்ட எச்7 தர வேண்டியது 1500 லூமன். சிறிதளவு கூடக்குறைய இருக்கலாம். இப்போது அதே பல்புக்கு 10 சதவீதம் குறைந்து 11.9 வோல்ட் போனால் வெளிச்சம் 70 சதவீதமாகிவிடும். 15 சதவீதம் குறைந்து 11.2 வோல்ட் போனால் 57 சதவீதம்தான் மிஞ்சும். வண்டிக்காரருக்கு ரோடு தெரியாமல் போனதன் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. இந்த நிலையில் அதிக வாட் பல்பைப் போட்டால் அதே வயரில் இன்னும் அதிக மின்னோட்டம் ஓடும், வோல்ட் இன்னும் விழும், வயரும், பல்பின் காலில் மாட்டும் கப்ளரும் சூடேறும்.

அளப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டை டிம்மில் போட்டு, முதலில் பேட்டரி முனைகளில் அளந்து கொள்ளுங்கள். சாதாரண சார்ஜிங் உள்ள காரில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். பிறகு மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும், கறுப்பு முனையைப் பல்பின் பிளஸ் காலிலும் வையுங்கள். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது கப்ளரின் பின்புறமாக மெல்லிய ஊசியைச் செருகி அளக்க வேண்டும். மீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பிளஸ் பக்கம் எங்கோ தடை இருக்கிறது. அடுத்து பல்பின் எர்த் காலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கே 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. கப்ளரைக் கழற்றி வைத்துக்கொண்டு அதன் துளையில் அளப்பது வீண் வேலை. மின்னோட்டம் ஓடாதபோது வோல்ட் விழாது. அரித்துப்போன வயர்கூட அப்போது முழு 12 வோல்ட்டைக் காட்டி உங்களை ஏமாற்றும்.

சில புதிய கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டி பல்புக்கு மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக விட்டு, பல்பைச் சூடாக்கும் பயனுறு வோல்ட்டை (ஆர்எம்எஸ்) மட்டும் நிலையாக வைத்திருக்கும். அங்கே சாதாரண மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் வேண்டும், ஆஸிலோஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. ஆல்டர்னேட்டரைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் கார்களில் பேட்டரி வோல்ட் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே பேட்டரி அளவை ஒரு நேரமும் பல்பு அளவை இன்னொரு நேரமும் எடுத்துக் கழிக்காமல், மேலே சொன்னபடி இரண்டு இடத்துக்கும் இடையே நேராக வீழ்ச்சியை அளப்பதே சரி.

வீழ்ச்சி எங்கே ஒளிந்திருக்கும் என்பது உங்களுக்கே பழக்கம்தான்: பெயின்ட்டுக்கு மேல் முடுக்கிய எர்த் போல்ட், பச்சை பிடித்த கப்ளர் கால், கருகிய ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச்) பாயின்ட், தளர்ந்த ஃபியூஸ் பிடிப்பு. பழைய கார்களில் ஹெட்லைட்டின் முழு மின்னோட்டமும் ஸ்டீயரிங் அருகிலுள்ள ஸ்விட்ச் வழியாகவே போய்வரும், அந்த ஸ்விட்ச்சும் சந்தேகத்துக்கு உரியது. கப்ளர் ஏன் உருகுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு: கால் தளர்ந்து 0.2 ஓம் தடை சேர்ந்தால், 5 ஆம்பியர் ஓடும்போது அங்கே 1 வோல்ட் விழும், 5 வாட் வெப்பம் அந்தச் சின்னப் பிளாஸ்டிக்குக்குள்ளேயே உண்டாகும். உருகிய கப்ளருக்குப் பதிலாகச் செராமிக் கப்ளர் போடுவது நல்லதே. ஆனால் பின்னால் கறுத்துப்போன வயரை நல்ல செம்பு தெரியும் இடம்வரை வெட்டி எறியாமல் புதுக் கப்ளரை அதிலேயே முறுக்கிவிட்டால், சில மாதங்களில் அதுவும் அதே கதிக்குத்தான் வரும்.

பிளஸ் பக்க வீழ்ச்சி ஸ்விட்ச்சிலும் நீளமான மெல்லிய வயரிலும் பரவிக் கிடந்தால் ரிலே போடுவதுதான் நிலையான தீர்வு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே. ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனைக்குப் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ். 86 க்குப் பழைய ஹெட்லைட் வயர், 85 எர்த்துக்கு, 87 இலிருந்து பல்புக்கு. எர்த் வயரையும் அதே தடிமனில் புதிதாக இழுத்து, சுரண்டிப் பளபளப்பாக்கிய இரும்பில் முடுக்குங்கள். ஹெட்லைட்டைக் கட்டுப்பாட்டுப் பெட்டி நேரடியாக ஓட்டும் புதிய கார்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ரிலே காயில் இழுக்கும் சொற்ப மின்னோட்டத்தைப் பார்த்து பல்பு போய்விட்டது என்று அந்தப் பெட்டி முடிவு கட்டும், எச்சரிக்கை விளக்கு எரியும், சில கார்களில் அந்தச் சுற்றையே அணைத்துவிடும்.

ஹெட்லைட் அறவே எரியாத புகாருக்கு வருவோம். ஒரு பக்கம் மட்டும் அணைந்திருந்தால் பல்பு, அந்தப் பக்கத்து ஃபியூஸ், கப்ளர் என்று வரிசையாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் டிம் இல்லாமல் பிரைட் மட்டும் எரிந்தால், பொதுவான ரிலேயோ டிம்மர் ஸ்விட்ச்சோ காரணமாக இருக்கலாம். அதே அளவுக்கு நடப்பது இன்னொன்றும் உண்டு. ஒரு பல்பு முன்பே போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், இரண்டாவதும் போன அன்றுதான் வண்டி உங்களிடம் வரும். அதனால் ரிலேயைக் கழற்றும் முன் இரண்டு பல்பின் இழைகளையும் ஓம் மீட்டரில் பார்த்துவிடுங்கள். குளிர்ந்த ஹாலஜன் இழை ஒரு ஓமுக்கும் குறைவாகவே காட்டும். அதைப் பார்த்து ஷார்ட் என்று நினைத்துவிட வேண்டாம்.

எர்த் அறுந்த எச்4 பல்பு காட்டும் அறிகுறியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிக நேரம் வீணாகிறது. டிம் இழை வழியாக வந்த மின்சாரம் எர்த் கிடைக்காமல் அதே பல்பின் பிரைட் இழைக்குள் திரும்பி, பிரைட் வயர் வழியாக மறுபக்கப் பல்புக்குப் போய், அங்கே இருக்கும் எர்த்தைப் பிடிக்கும். இந்த இழைகள் தொடராக மாட்டிக்கொள்வதால் அவை சிவந்து மங்கலாக எரியும். டிம்மில் இருக்கும்போதே டேஷ்போர்டின் நீல விளக்கு லேசாகத் தெரியும். இந்த அறிகுறியோடு வரும் காரில் ஸ்விட்ச்சையோ வயரிங்கையோ பிரிக்க வேண்டாம், மங்கலாக எரியும் பக்கத்து எர்த் போல்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

அடிக்கடி பல்பு போகிறது என்ற புகாருக்கு முதலில் சார்ஜிங்கைப் பாருங்கள். பல்பின் ஆயுள் வோல்ட்டின் ஏறக்குறைய 13 ஆம் அடுக்குக்கு எதிர்விகிதமாக ஓடுகிறது. வோல்ட் 5 சதவீதம் கூடினாலே ஆயுள் பாதிக்கு வந்துவிடும். ரெகுலேட்டர் கெட்டு 15 வோல்ட்டைத் தாண்டினால் எந்த கம்பெனிப் பல்பும் நிற்காது. அடுத்த காரணம் விரல். குவார்ட்ஸ் குமிழில் படியும் தோல் எண்ணெய் சூட்டில் கருகி, அந்த இடம் மட்டும் அதிகமாகக் காய்ந்து, குமிழ் வெளுத்துப் புடைக்கும். கை பட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள். மூன்றாவது காரணம் அதிர்வு: ஹெட்லைட்டின் பிடிப்பு உடைந்திருந்தால் இழை நாளெல்லாம் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு பல்பு ஆயுள் முடிந்து போயிருந்தால் மற்றதும் அதே வயதுதான், இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

வோல்ட் சரியாக இருந்தும் வெளிச்சம் போதவில்லை என்றால் பாலிகார்பனேட் முகப்பைப் பாருங்கள். வெயிலில் மேற்பூச்சு தேய்ந்து மஞ்சளித்துப்போன முகப்பு வெளிச்சத்தைத் தடுப்பதோடு நிற்பதில்லை, சிதறவும் அடிக்கிறது. சாலைக்குப் போக வேண்டியது எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போகிறது. 800 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1500, 2000, 3000 என்று தண்ணீரோடு தேய்த்து, பாலிஷ் போட்டு மெருகேற்றுவதை எல்லாரும் செய்கிறீர்கள். அதன்மேல் புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் பூச்சைத்தான் பலர் விட்டுவிடுகிறீர்கள். தேய்க்கும்போது பழைய பூச்சின் மிச்சமும் போய்விடுவதால், வெறும் பாலிஷ் போட்ட முகப்பு முன்னைவிட வேகமாக மஞ்சளிக்கும். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதையும் முகப்பின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பாலிகார்பனேட் வெடிப்பு விடும். மெல்லிய ஆவி படிந்து, லைட் போட்டதும் மறைந்துவிட்டால் அது இயல்பே. துளித்துளியாகத் தண்ணீர் நின்றால் பின்மூடியோ ரப்பரோ சரியாக உட்காரவில்லை, அல்லது விளிம்புப் பசை விட்டிருக்கிறது. தண்ணீர் வெளியேற என்று முகப்பில் துளை போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பல்புக்கு மேலே அலுமினியப் பூச்சு மங்கியிருந்தாலோ உரிந்திருந்தாலோ, முன்பு யாரோ 100/90 வாட் பல்பு போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பூச்சு ஆவியாகப் படியவைத்த மிக மெல்லிய படலம். துணியால் துடைத்தால் தூசியோடு அதுவும் வந்துவிடும். ரிஃப்ளெக்டர் போன ஹெட்லைட்டுக்குப் புது ஹெட்லைட்தான் வழி, எந்தப் பல்பும் அதை மீட்காது.

கண் கூசும் புகாரில் ஃபோகஸ் ஸ்க்ரூவைத் தொடும் முன் பல்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கிறது. இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடும். ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டும் வேலை செய்து, வெளிச்சம் சாலையை நோக்கி இறங்கும். அந்தக் கிண்ணத்தின் விளிம்பைத்தான் சுவரில் வெளிச்சத்தின் மேல் எல்லைக்கோடாகப் பார்க்கிறோம். விளிம்பில் உள்ள மூன்று காதுகளும் அவற்றின் பள்ளத்தில் உட்காராமல், கம்பிக் கிளிப்பை மட்டும் அழுத்தி மாட்டியிருந்தால் கிண்ணம் சாய்ந்துவிடும், எல்லைக்கோடு கலைந்து வெளிச்சம் மேலே பாயும். எச்7 பல்பைத் தலைகீழாகவோ, ஹோல்டர் வளையம் முழுதும் பூட்டாமலோ மாட்டினாலும் இதே கதை. பல்பு மாட்டிய உடன் சுவரில் வெளிச்சம் போட்டு, கோடு தெளிவாக விழுகிறதா என்று பார்க்க அரை நிமிடம் ஆகும். கோடு கலங்கியிருக்கும்போது ஸ்க்ரூவைத் திருகி மறைப்பது தவறான வேலை.

இனி ஃபோகஸ். டிம் வெளிச்சத்தின் எல்லைக்கோடு எவ்வளவு இறங்கியிருக்க வேண்டும் என்பது சதவீதத்தில் சொல்லப்படும் அளவு. 1 சதவீதம் என்றால் ஒவ்வொரு மீட்டருக்கும் 1 சென்டிமீட்டர் இறக்கம், 10 மீட்டரில் 10 சென்டிமீட்டர். ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 48 ஆம் ஒழுங்குவிதிப்படி, ஹெட்லைட் 80 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் கார்களில் தொடக்க இறக்கம் 1 முதல் 1.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு மேலே விளக்கு இருக்கும் உயரமான வண்டிகளுக்கு 1.5 முதல் 2 சதவீதம். உங்கள் முன் நிற்கும் காருக்கு எது என்று தேட வேண்டியதில்லை. அந்த விதிப்படி செய்த கார்களில், பானெட்டுக்குள் ஹெட்லைட்டின் அருகிலோ தகட்டிலோ விளக்குப் படத்தோடு அந்தச் சதவீதம் அச்சிடப்பட்டிருக்கும்.

இந்த எண்கள் சாலையில் என்ன செய்கின்றன என்று பாருங்கள். விளக்கு 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 1 சதவீத இறக்கத்தில் எல்லைக்கோடு 65 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். 2.5 சதவீதமாக இறக்கிவிட்டால் 26 மீட்டரிலேயே முடிந்துவிடும். யாரும் லைட் அடித்துக் காட்ட மாட்டார்கள், ஆனால் ஓட்டுகிறவர் இருட்டுக்குள் காரை விட்டுக்கொண்டிருப்பார். மறுபுறம், 1 சதவீதம் மேல்நோக்கி இருந்தால் 50 மீட்டரில் எல்லைக்கோடு 115 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். எதிரே வரும் கார் ஓட்டுநரின் கண் இருப்பது அங்கேதான். கூச்சத்துக்கு அஞ்சி ஒரேயடியாக இறக்கிவிடுவதும் பிழை, ரோடு தெரிய வேண்டும் என்று தூக்கிவிடுவதும் பிழை.

அளவு இவ்வளவு நுணுக்கமாக இருப்பதால் தரைதான் முதல் கருவி. இரண்டு அச்சுக்கும் இடையே 2.6 மீட்டர் உள்ள காரில், முன்சக்கரம் நிற்கும் இடத்துக்கும் பின்சக்கரம் நிற்கும் இடத்துக்கும் 1.3 சென்டிமீட்டர் மட்ட வேறுபாடு இருந்தால் அரை சதவீதம் பிழையாகிவிடும். தண்ணீர் ஓட வேண்டும் என்று சரிவாகப் போட்ட பணிமனைத் தரையில் விலை உயர்ந்த பீம் செட்டரை (ஃபோகஸ் அளக்கும் கருவி) நிறுத்தினாலும் அது தரும் எண் தவறே. ஹெட்லைட் பார்ப்பதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, தண்ணீர்க் குழாய் மட்டம் வைத்து நான்கு சக்கரம் நிற்கும் புள்ளிகளையும் கருவி நிற்கும் தடத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, பெயின்ட்டில் குறித்து வையுங்கள். ஒரு தடவை செய்துவிட்டால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

காரைத் தயார் செய்வதும் முக்கியம். நான்கு டயரிலும் சரியான காற்று, டேங்க் ஏறக்குறைய நிறைய எரிபொருள், டிக்கியில் சுமை இல்லாமல், ஓட்டுநர் இருக்கையில் ஒரு ஆள் அல்லது 75 கிலோ எடை. டேஷ்போர்டில் உயரம் மாற்றும் சக்கரம் 0 வில். முன்னும் பின்னும் அழுத்திக் குலுக்கி ஸ்பிரிங் நிலைக்கு வரட்டும். கருவி இல்லாதவர்கள் சுவரை வைத்தே செய்யலாம். காரைச் சுவரை ஒட்டி நேராக நிறுத்தி, காரின் நடுவையும் இரண்டு விளக்கின் நடுவையும் சுவரில் செங்குத்துக் கோடுகளாகக் குறியுங்கள். விளக்கு நடுவின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து ஒரு படுகோடு. காரை நேராகப் பின்னுக்கு எடுத்து விளக்குக்கும் சுவருக்கும் 10 மீட்டர் வரும்படி நிறுத்துங்கள். தகட்டில் 1.2 சதவீதம் என்று இருந்தால் முதல் படுகோட்டுக்கு 12 சென்டிமீட்டர் கீழே இரண்டாவது படுகோடு. இடமில்லாமல் 5 மீட்டரில் செய்வதானால் 6 சென்டிமீட்டர். தூரம் குறையக் குறையக் கோடு வரைவதில் ஏற்படும் சின்னப் பிழையும் பெரிதாகும் என்பதால், 5 மீட்டருக்குக் கீழே போக வேண்டாம்.

ஒரு விளக்கை அட்டையால் மறைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். கப்ளரைக் கழற்றி அணைக்காதீர்கள், துணி போட்டு நெடுநேரம் மூடியும் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் முகப்பு சூட்டில் கெட்டுப்போகும். டிம் வெளிச்சத்தின் எல்லைக்கோடு எதிர்வரும் வாகனத்தின் பக்கம் படுக்கையாக இருக்கும். சாலை ஓரத்தின் பக்கம் சுமார் 15 டிகிரி ஏறிப்போகும், சில விளக்குகளில் ஒரு படியாக ஏறும். படுக்கைப் பகுதி இரண்டாவது படுகோட்டில் விழ வேண்டும். கோடு ஏறத் தொடங்கும் முட்டி, அந்த விளக்கின் செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருகிப் பாருங்கள். சில விளக்குகளில் மேல்கீழ் நகர்த்த இரண்டு ஸ்க்ரூவையும் ஒரே அளவு திருக வேண்டியிருக்கும், ஒன்றை மட்டும் திருகினால் பக்கவாட்டிலும் நகர்ந்துவிடும். பல விளக்குகளில் பக்கவாட்டு ஸ்க்ரூவே இருக்காது. திருகத் திருக வெளிச்சம் நகரவில்லை என்றால் உள்ளே நைலான் பற்சக்கரமோ பந்து முனையோ உடைந்திருக்கிறது. பலவந்தம் பண்ணாமல் விளக்கைக் கழற்றிப் பாருங்கள். டிம்மும் பிரைட்டும் ஒரே ரிஃப்ளெக்டரில் இருக்கும் எச்4 விளக்கில் டிம்மைச் சரிசெய்தால் போதும், பிரைட் தன் இடத்தில் தானே வந்து நிற்கும். பிரைட்டைப் பார்த்துக்கொண்டு ஃபோகஸ் வைப்பது பரவலாக இருக்கும் தவறு.

எவ்வளவு திருகினாலும் எதிர்ப்பக்கம் தூக்கியே அடிக்கிறது என்றால், முகப்பில் உள்ள குறியைப் பாருங்கள். அதே 48 ஆம் விதிக் குடும்பத்தில் இடப்பக்கப் போக்குவரத்துக்கென்று செய்த விளக்கில், அதை எதிரே நின்று பார்ப்பவரின் வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி இருக்கும். வலப்பக்கப் போக்குவரத்துக்கான விளக்கில் அம்பு இருக்காது. வேறு நாட்டிலிருந்து வந்த பழைய விளக்கை மாட்டியிருந்தால் ஏறும் பகுதி நேராக எதிரே வருகிறவர் முகத்தில் விழும். இதற்கு ஸ்க்ரூவில் தீர்வு இல்லை, விளக்கைத்தான் மாற்ற வேண்டும்.

பம்பர் கழற்றி மாட்டியபின், முன்பக்க மோதல் வேலைக்குப்பின், ஸ்பிரிங் அல்லது ஷாக் அப்சார்பர் மாற்றியபின், டயர் அளவு மாற்றியபின், விளக்கையோ பல்பையோ மாற்றியபின்: இந்த வேலைகள் எதிலும் ஃபோகஸ் பார்ப்பது கூடுதல் வேலை இல்லை, அந்த வேலையின் பகுதியே.

வண்டிக்காரரிடம் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. அதே 2.6 மீட்டர் காரில் டிக்கி நிறையச் சுமை ஏற்றி பின்பக்கம் 2.6 சென்டிமீட்டர் அமுங்கினாலே வெளிச்சம் 1 சதவீதம் மேலேறிவிடும். நீங்கள் கவனமாக வைத்த இறக்கம் முழுதும் அதோடு காலி. அதற்காகத்தான் டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை அந்தச் சிறு சக்கரம் இருக்கிறது. சாவி கொடுக்கும்போது அதைத் தொட்டுக் காட்டி, பின்சீட்டும் டிக்கியும் நிறைந்தால் எந்த எண்ணுக்குத் திருப்ப வேண்டும் என்று உரிமையாளர் கையேட்டைப் பார்த்துச் சொல்லி அனுப்புங்கள். சக்கரத்தைத் திருப்பும்போது விளக்குக்குள் மோட்டார் உண்மையிலேயே நகர்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், பல பழைய கார்களில் அது செத்துக் கிடக்கிறது.

எல்இடி பல்பு பற்றி நாங்கள் உறுதியாகவே சொல்கிறோம்: ஹாலஜனுக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில் கண்ட எல்இடி பல்பையும் திணிப்பதை நிறுத்துங்கள். ஹாலஜன் இழை சில மில்லிமீட்டர் நீளமுள்ள, சுற்றிலும் ஒளி வீசும் ஒரு சுருள். அந்தச் சுருள் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டுத்தான் ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் வார்க்கப்பட்டிருக்கிறது. எல்இடி பல்பில் ஒரு தகட்டின் இரு பக்கமும் சில்லுகள் ஒட்டியிருக்கின்றன. தகட்டின் தடிமன் அளவுக்கு ஒளி மூலம் விலகிவிடுகிறது, மேலும் கீழும் ஒளி குறைந்து பக்கங்களில் குவிகிறது. காரின் முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் தரை பளீரென்று வெளுக்கும், அதைப் பார்த்து வண்டிக்காரர் மகிழ்ந்துபோவார். அந்த வெளுப்பே அவர் கண்மணியைச் சுருக்கி, தூரத்தில் இருப்பதைத் தெரியவிடாமல் செய்யும். எல்லைக்கோட்டுக்கு மேலே சிதறும் ஒளி எதிரே வருகிறவரைக் குருடாக்கும். இதை ஃபோகஸ் ஸ்க்ரூவால் சரிசெய்ய முடியாது. எச்ஐடி (இழை இல்லாமல் வாயுவில் மின்வில் எரியும் பல்பு) கிட் விஷயமும் இதேதான், இன்னும் மோசம்: டி2எஸ் வகை பல்பு 3200 லூமன் தருகிறது, எச்7 தருவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். டிம்முக்கு 2000 லூமனைத் தாண்டும் ஒளிமூலம் வைத்தால் தானாக உயரம் சரிசெய்யும் அமைப்பும் முகப்பைக் கழுவும் அமைப்பும் வேண்டும் என்று 48 ஆம் விதி வகுத்தது, இந்த அளவு ஒளி கொஞ்சம் விலகினாலும் ஆபத்து என்பதால்தான்.

எல்இடி மாற்றுப் பல்பு எல்லாமே ஆகாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஜெர்மனியில் 2020 முதல், குறிப்பிட்ட பல்பைக் குறிப்பிட்ட கார் மாடலின் குறிப்பிட்ட விளக்கில் வைத்துச் சோதித்து, அந்தப் பட்டியலுக்கு மட்டும் அனுமதி கொடுத்து வருகிறார்கள். அப்படி விளக்கோடு சேர்த்துச் சோதித்த பல்பு வேறு, எச்4 காது வைத்திருப்பதால் எந்தக் காரிலும் பொருந்தும் என்று விற்கும் பல்பு வேறு.

தொழிற்சாலையிலேயே எல்இடி, மேட்ரிக்ஸ் விளக்கு வைத்து வரும் கார்களில் ஸ்கேன் கருவி இல்லாமல் ஃபோகஸ் தொடாதீர்கள். பின்சஸ்பென்ஷனில் இருக்கும் உயர உணரியின் சின்ன இணைப்புக் கம்பி உடைந்திருந்தாலே விளக்கு தரையைப் பார்க்கும் அல்லது வானத்தைப் பார்க்கும். முதலில் அந்தக் கம்பியைப் பார்த்து, உணரிக்கு அடிப்படை நிலை பதிந்து, பிறகே ஸ்க்ரூ.

தகுதிச் சோதனை செய்யும் அலுவலர்களிடம் கேட்பது கொஞ்சம்தான். விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு முடிக்காமல், எல்லைக்கோடு இருக்கிறதா, எத்தனை சதவீதத்தில் இருக்கிறது என்று அளந்து சான்றில் எண்ணாக எழுதுங்கள். முகப்பின் குறியையும் உள்ளே இருக்கும் ஒளிமூலத்தையும் ஒப்பிடுங்கள். முகப்பில் எச்சிஆர் என்று இருந்தால் அது பொதுவாக டிம், பிரைட் இரண்டுக்குமான ஹாலஜன் விளக்கு, டிசி அல்லது டிசிஆர் என்று இருந்தால் எச்ஐடி விளக்கு. எச்சி, எச்சிஆர் குறியுள்ள விளக்குக்குப் பின்னால் மின்விசிறி வைத்த பல்பு சுற்றிக்கொண்டிருந்தால், அந்த வண்டிக்கென்று முறையான அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். அளக்கும் கருவியை நிறுத்தும் தரையையும் ஆண்டுக்கு ஒரு முறை மட்டம் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

பணிமனைகளிடம் கேட்பது வேலைச் சீட்டில் ஒரு சின்ன மாற்றம். "ஹெட்லைட் ஓகே" என்று எழுதும் இடத்தில் ஆறு எண்களை எழுதுங்கள்: இடப்பக்க, வலப்பக்கப் பல்புகளில் பிளஸ் வீழ்ச்சி, எர்த் வீழ்ச்சி, டிம் இறக்கச் சதவீதம். அதற்குப் பக்கத்தில் பல்பின் வகை, தகட்டில் அச்சிட்ட சதவீதம், உயரச் சக்கரம் இருந்த நிலை. அடுத்த முறை அதே கார் அதே புகாரோடு வந்தால், எங்கே மாறியிருக்கிறது என்று அந்தச் சீட்டைப் பார்த்தே உங்கள் மெக்கானிக் வேலையைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாகன மின்பணியில் இருப்போர்